புது அப்ரெய்சல் ரிப்போர்ட் வருகிறது, பழைய ஃபார்மைப் படிக்கவா வேண்டாமா?

நியூ ஜெர்சியில் ஒரு வீட்டு மதிப்பீட்டாளரிடம் டிரெய்னியாக இருக்கும் ஒருவர் கேட்டது இது. வீட்டுக் கடனுக்கான அப்ரெய்சல் ரிப்போர்ட் முழுக்க மாறுகிறது, சூப்பர்வைசரோ "நவம்பரோடு நான் கடையைக் கட்டிவிடுகிறேன்" என்கிறார், இந்த நிலையில் பழைய 1004 ஃபார்மைக் கற்றுக்கொள்வதில் பிரயோஜனம் உண்டா, நேரே புது யூஏடி 3.6-க்கு (புது ரிப்போர்ட்டின் தகவல் விதிகள்) போய்விடலாமா, எந்த சாஃப்ட்வேர் வாங்குவது?

புதியதையே படியுங்கள். ஆனால் சாஃப்ட்வேர் வாங்குவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். மாறியிருப்பது கம்ப்யூட்டர் திரை மட்டும் என்று நினைத்துத்தான் பலர் தடுமாறுகிறார்கள். உண்மையில் மாற வேண்டியது வீட்டுக்குள் நின்று நாம் குறிப்பு எடுக்கிற விதம். அது சரியாக இருந்தால் எந்த சாஃப்ட்வேரிலும் ரிப்போர்ட் முடியும், அது சரியில்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இரவு உட்கார்ந்து "அந்த இரண்டாவது பாத்ரூம் எப்போது புதுப்பித்தார்கள்?" என்று போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டுதான் இருப்பீர்கள்.

பின்னணி தெரியாமல் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாக. அமெரிக்காவில் வங்கிகள் கொடுக்கும் வீட்டுக் கடன்களில் பெரும்பகுதியை ஃபேனி மே, ஃப்ரெடி மேக் என்ற இரண்டு நிறுவனங்கள் வாங்கிக்கொள்கின்றன. அவர்கள் கேட்கிற வடிவத்தில்தான் மதிப்பீட்டாளர் ரிப்போர்ட் கொடுத்தாக வேண்டும். நாம் இதுவரை நிரப்பிக்கொண்டிருந்த 1004 ஃபார்ம் 2005 மார்ச்சில் வந்தது. அதற்குள் எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று வரையறுத்த யூஏடி விதிகள் 2011 செப்டம்பரில் கட்டாயமாயின. தனி வீட்டுக்கு 1004, காண்டோவுக்கு 1073, இரண்டு முதல் நான்கு குடும்பம் இருக்கும் வீட்டுக்கு 1025, வெளியிலிருந்து மட்டும் பார்த்தால் 2055 என்று வகைக்கொரு நம்பர். 2018-ல் தொடங்கிய மறுவடிவமைப்பில் இந்த நம்பர்கள் எல்லாம் போய்விட்டன. இனி ஒரே ரிப்போர்ட்தான், வீட்டின் வகையையும் நம் பதில்களையும் பொறுத்து அதில் பகுதிகள் சேரும், விலகும். அட்டவணைப்படி 2025 செப்டம்பர் 8-ல் சில கடன் நிறுவனங்களோடு சோதனை ஓட்டம், 2026 ஜனவரி 26 முதல் எல்லோருக்கும் திறப்பு, 2026 நவம்பர் 2 முதல் கட்டாயம், 2027 மே 3-க்குப் பிறகு பழைய வடிவத்தை ரிப்போர்ட் அனுப்பும் அவர்களுடைய போர்ட்டல் வாங்கவே வாங்காது. உங்கள் சூப்பர்வைசர் சொல்லும் நவம்பர் அந்த நவம்பர் 2-தான்.

சரி, பழையதைத் தொடவே வேண்டாமா? எழுதிப் பழக வேண்டாம், படிக்கத் தெரிந்தால் போதும். ஃபைலில் இருக்கும் பழைய ரிப்போர்ட்டுகள், மற்றவர்கள் செய்தவை, மறுபரிசீலனைக்கு வருபவை எல்லாம் இன்னும் சில வருடங்களுக்கு அந்த மொழியில்தான் இருக்கும். பாத்ரூம் 2.1 என்றால் இரண்டு முழுசு ஒன்று அரை, விற்பனைத் தேதிக் கட்டத்தில் எஸ்03/25;சி02/25 என்றிருந்தால் பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டு மார்ச்சில் செட்டில் ஆனது, இப்படி. இந்தச் சுருக்கெழுத்தை ஒரு வாரத்தில் பிடித்துவிடலாம். அதற்கு மேல் அதில் நேரம் போடாதீர்கள்.

இப்போது வீட்டுக்கு வருவோம், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

உங்கள் ஊர்ப் பக்கம் 1960, 70-களில் கட்டிய பை-லெவல் வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கும். கதவைத் திறந்ததும் ஏழெட்டுப் படி மேலே, ஏழெட்டுப் படி கீழே. கீழ்த்தளத்தில் ஃபேமிலி ரூம், ஒரு பெட்ரூம், ஒரு பாத்ரூம், வெளிச்சம் வருகிற ஜன்னல் எல்லாம் இருக்கும், ஆனால் தரை மண்மட்டத்துக்கு இரண்டு மூன்று அடி கீழே. மேலே 1,150 சதுர அடி, கீழே 900 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் 2,050 என்று விளம்பரம் போட்டிருப்பார். ஃபேனி மே 2022 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கிய ஏஎன்எஸ்ஐ (அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு) அளவு முறைப்படி ஒரு தளத்தின் எந்தப் பகுதி மண்மட்டத்துக்குக் கீழே போனாலும் அந்தத் தளம் முழுக்கக் கீழ்க்கணக்குதான். ஆக வீட்டின் மேல்மட்டப் பரப்பு 1,150 மட்டுமே. வீட்டுக்காரர் "என் வீட்டைப் பாதியாக்கிவிட்டார்கள்" என்று கொதிப்பார், நியாயம்தான், பழைய ஃபார்மில் அந்த 900 சதுர அடி வாழ்க்கையும் பேஸ்மென்ட் என்ற ஒரே வரிக்குள் நசுங்கிக் கிடக்கும், அதை விளக்கப் பின்னால் ஒரு பக்கம் எழுதினால் அதை யாரும் படிக்க மாட்டார்கள். புது ரிப்போர்ட்டில் தளவாரியாக அறைகளும் பரப்பும் தனித்தனியாக வருகின்றன, மேல்மட்டம், கீழ்மட்டம், முடித்தது, முடிக்காதது என்று. 900 கீழ்க்கணக்கில்தான் இருக்கும், ஆனால் அது என்ன மாதிரியான கீழ்த்தளம் என்று படிப்பவருக்குத் தெரியும். இதை நான் மனதார வரவேற்கிறேன்.

கேப் காட் வீடுகளின் மாடியறையும் அப்படித்தான். சரிவான கூரைக்குக் கீழே இருக்கும் பெட்ரூமில் 5 அடிக்குக் குறைவான உயரம் உள்ள இடத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது, மிச்சத்தில் பாதியாவது 7 அடி உயரம் இருக்க வேண்டும். இல்லை என்றால் அந்த அறை வழக்கமான பரப்பில் சேராது. முன்பு இதை எங்கே போடுவது என்று ஆளாளுக்கு ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். இப்போது அளவு விதிக்குள் அடங்காத, ஆனால் முடித்த பரப்புக்கென்றே தனி இடம் இருக்கிறது. அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான், அந்த அறையில் லேசர் மீட்டரைக் கூரையை நோக்கிப் பிடித்து 5 அடிக் கோடு எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டை விட்டு வெளியே வந்தபிறகு இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. மொபைல் ஸ்கேன் ஆப்கள் தரைப்படத்தை அழகாக வரைந்து கொடுக்கும், ஆனால் எந்தத் தளம் மண்மட்டத்துக்குக் கீழே போகிறது என்று முடிவு செய்கிற பொறுப்பு உங்களுடையது.

அடுத்தது தரமும் நிலையும். தரத்துக்கு க்யூ1 முதல் க்யூ6, நிலைக்கு சி1 முதல் சி6 வரையிலான ரேட்டிங் உங்களுக்குத் தெரிந்திருக்கும், 1 என்றால் மிகச் சிறந்தது. பழையதில் வீட்டுக்கு மொத்தமாக ஒரு க்யூ, ஒரு சி. புதியதில் வெளிப்புறத்துக்குத் தனி, உட்புறத்துக்குத் தனி, அப்புறம் மொத்தத்துக்கு ஒன்று. சுவர், அஸ்திவாரம், கூரை, ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு கிச்சனுக்கும் பாத்ரூமுக்கும் ஒரு வரி. உள்ளே எல்லாம் பளபளவென்று புதுப்பித்துவிட்டு வெளியே பழைய கூரை ஷிங்கிள் சுருண்டு கிடக்கும் வீட்டை இதுவரை "சி3" என்று சொல்லிக் கடந்துவிட முடிந்தது. இனி உட்புறம் சி2, வெளிப்புறம் சி4 என்று எழுதினால் மொத்தம் ஏன் சி3 என்று கேள்வி வரும், பதிலும் அங்கேயே எழுத வேண்டும். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஒரே எழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட ரிப்போர்ட்டுகளால் ஏமாந்தது பெரும்பாலும் வீடு வாங்கும் குடும்பங்கள்தான்.

எல்லோரும் பயப்படுகிற இடம் குறைபாடுகளின் அட்டவணை. கண்ணில் பட்ட ஒவ்வொரு சேதத்துக்கும் எங்கே, என்ன, கட்டடத்தின் உறுதியைப் பாதிக்கிறதா, என்ன செய்யப் பரிந்துரை, சரிசெய்ய எவ்வளவு செலவாகும் என்று கேட்கிறது. "நாம் ஹோம் இன்ஸ்பெக்டர் இல்லையே, நாளைக்கு யாராவது கேஸ் போட்டால்?" என்று உங்கள் சூப்பர்வைசர் கேட்டிருப்பார். நியாயமான கவலை. ஆனால் மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே ஹால் சீலிங்கில் தட்டு அளவுக்குப் பழுப்புக் கறை இருந்தால், பார்த்ததை அப்படியே எழுதுங்கள், கறை எங்கே, எவ்வளவு அகலம், தொட்டபோது காய்ந்திருந்ததா ஈரமா. குழாய் உடைந்ததா, டப் ஓரம் கசிந்ததா என்று காரணம் சொல்லப் போகாதீர்கள். காரணம் தெரிய வேண்டிய அளவுக்குப் பெரிது என்றால் தகுந்த ஆள் வந்து பார்க்கட்டும் என்று பரிந்துரையுங்கள். பார்த்ததை எழுதாமல் விட்டவர்தான் மாட்டுவார், பார்த்ததை மட்டும் எழுதியவர் மாட்டுவது அரிது. செலவுக் கணக்குக்கு உங்கள் பகுதி காண்ட்ராக்டர்களிடம் கேட்டு ஒரு விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு, அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்பதையும் வொர்க்ஃபைலில், அதாவது அந்த மதிப்பீட்டின் ஆதாரக் கோப்பில், போட்டுவிடுங்கள். யூஎஸ்பேப் என்ற மதிப்பீட்டாளர் தொழில் விதிப்படி அந்த ஃபைல் குறைந்தது 5 வருடம் உங்களிடம் இருக்க வேண்டும்.

இதோடு தெரு, ரயில் பாதை, ஏரி, நெடுஞ்சாலை மாதிரி மனையைப் பாதிக்கும் விஷயங்கள் ஒவ்வொன்றும் நல்லதா கெட்டதா என்று தனித்தனியாக வருகிறது, எரிசக்தி சேமிப்பு வசதிகளுக்குத் தனிப் பகுதி, கொல்லையில் மாமியாருக்குக் கட்டிய சின்ன வீடு இருந்தால் அதற்கும் இடம். விளக்கங்களை அந்தந்தப் பகுதியிலேயே எழுத வேண்டும். பல வருடமாகக் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த நாலு பக்கப் பொது வாசகத்தை அப்படியே தூக்கி வைக்க இடமில்லை. அந்த வாசகங்களில் பாதி எதற்காக எழுதப்பட்டன என்று எழுதியவருக்கே மறந்திருக்கும், போகட்டும்.

இப்போது சாஃப்ட்வேர். டோட்டல், ஏசிஐ, கிளிக்ஃபார்ம்ஸ், இன்னும் புதிதாக வந்த கிளவுட் ஆப்கள் என்று பல உண்டு. இதுதான் சிறந்தது என்று ஒன்றைக் கைகாட்ட எனக்கு மனமில்லை, ஏனென்றால் உங்கள் எம்எல்எஸ் (வீட்டு விற்பனைப் பட்டியல்), உங்கள் டேப்லெட், உங்களுக்கு வேலை கொடுக்கும் ஏஎம்சி (வங்கிக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் நிறுவனம்) மூன்றோடும் ஒத்துப்போகிறதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஆனால் டெமோ பார்க்கும்போது விற்பவர் காட்டுவதை மட்டும் பார்க்காமல் நீங்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. இன்டர்நெட் இல்லாத பேஸ்மென்ட்டில் டேப்லெட்டில் பதிவு செய்ய முடிகிறதா? புது ரிப்போர்ட் எக்ஸ்எம்எல், பிடிஎஃப், படங்கள் எல்லாம் சேர்ந்த ஒரு ஜிப் ஃபைலாகப் போகிறது, படங்களின் அளவை அதுவே குறைத்துக்கொள்கிறதா? விதிப்படி சரியாக இருக்கிறதா என்ற சோதனை அனுப்புவதற்கு முன்பே உள்ளேயே ஓடுகிறதா, பிழை வந்தால் அந்தக் கட்டத்துக்கே கொண்டுபோய் விடுகிறதா? சந்தாவை நிறுத்தினால் என் பழைய ஃபைல்களை நான் திறக்க முடியுமா? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் எழுத்தில் வராவிட்டால் வாங்காதீர்கள், 5 வருட வொர்க்ஃபைல் பொறுப்பு உங்களுடையது, கம்பெனியுடையது இல்லை.

இன்னொன்று, பெரும்பாலான மதிப்பீட்டாளர்கள் போன மாதம் செய்த ரிப்போர்ட்டைத் திறந்து அதன்மேல் புது வீட்டை எழுதித்தான் வேகம் பிடிக்கிறார்கள். பழைய வடிவத்திலிருந்து புதியதற்கு அந்தக் குளோனிங் ஒழுங்காக வராது. பழையதில் ஒரே வரியில் கலந்து எழுதிய தகவலைப் புது வடிவம் தனித்தனிக் கட்டமாகக் கேட்கிறது, அதை இயந்திரம் பிரித்துப் போட்டால் தப்பான கட்டத்தில் விழும், விழுந்தது கண்ணில் படாமலும் போகும். கம்ப்ஸ் (ஒப்பிட எடுக்கும் விற்பனைகள்) சேமிப்புக்கும் இதே கதி. ஆகவே எல்லோருமே பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார்கள், இருபது வருட அனுபவம் உள்ளவரும் நீங்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கோட்டில் நிற்கிறீர்கள். டிரெய்னிக்கு இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி வராது.

தானாகவே விளக்கம் எழுதிக் கொடுக்கும் வசதி இப்போது சாஃப்ட்வேர்களில் வருகிறது. இலக்கணப் பிழை திருத்த, நீளத்தைக் குறைக்கப் பயன்படுத்துங்கள். "சந்தை நிலையாக உள்ளது" என்று அது எழுதி, மேலே இருக்கும் வரைபடம் ஏறுமுகமாக இருந்தால் கையெழுத்துப் போட்டவரிடம்தான் கேட்பார்கள். ஃபேனி மேயின் சிஸ்டம் 2015 முதல் ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் 1 முதல் 5 வரை ரிஸ்க் மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறது. இனி அதற்குக் கிடைக்கும் தகவல் பல மடங்கு நுணுக்கமானது, ஒரே வீட்டை நீங்கள் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் விவரித்தால் அது சுலபமாகத் தெரியும்.

"இவ்வளவு தகவலை நாமே கொடுத்துவிட்டு, நாளைக்கு அதை வைத்தே நம்மைக் கழற்றிவிட மாட்டார்களா?" என்றும் கேட்டிருந்தீர்கள். மதிப்பீட்டாளர் இல்லாமலே மதிப்பை ஏற்றுக்கொள்ளும் வழி ஏற்கெனவே இருக்கிறது, வேறொருவர் போய்த் தகவல் சேகரித்து வர, மதிப்பீட்டாளர் மேசையிலிருந்தே முடிக்கும் வகையும் இருக்கிறது. இந்தப் புது ரிப்போர்ட் வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் போக்கு இருக்கும். மிஞ்சி நம் கைக்கு வருபவை சிக்கலான வீடுகளாகத்தான் இருக்கும், பை-லெவலோடு ஒட்டிக் கட்டிய இன்-லா யூனிட், நெடுஞ்சாலைக்குப் பின்புறம் காட்டும் மனை, பாதியில் நின்ற ரெனவேஷன். அந்த வீடுகளை விவரித்து, காரணம் சொல்லி, மதிப்பைத் தாங்கிப் பிடிக்கத் தெரிந்தவருக்கு வேலை இருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கூலி விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. முதல் சில ரிப்போர்ட்டுகளுக்கு வழக்கத்தைவிட நிச்சயமாக அதிக நேரம் பிடிக்கும், வீட்டில் நிற்கும் நேரமும் கூடும். அதே ஃபீஸ், அதே கெடு என்று ஆர்டர் அனுப்புகிற இடங்களுக்குப் பணிவாக, தெளிவாக எழுதுங்கள், இந்த வடிவத்துக்கு இவ்வளவு ஃபீஸ், இத்தனை நாள் என்று. டாட்-ஃபிராங்க் என்ற நிதித்துறைச் சட்டம் நியாயமான, அந்தப் பகுதியில் வழக்கமான ஃபீஸ் கொடுக்க வேண்டும் என்றே சொல்கிறது. தொடக்கத்திலேயே குறைந்த ஃபீஸுக்குத் தலையாட்டிவிட்டால் அதுவே வழக்கமான ஃபீஸாகிவிடும், அப்புறம் ஏற்றுவது கஷ்டம்.

உங்கள் சூப்பர்வைசரைப் பற்றி. அவர் விலகித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. சொத்துப் பாகப்பிரிவினை, விவாகரத்து, இறந்தவரின் சொத்துக் கணக்கு, நியூ ஜெர்சியில் வருடா வருடம் வரும் சொத்துவரி மேல்முறையீடு, இவை எதற்கும் ஃபேனி மே வடிவம் தேவையே இல்லை. யூஎஸ்பேப்புக்கு உட்பட்டுச் சாதாரண ரிப்போர்ட்டாக எழுதலாம். கடன் வேலையை நீங்கள் புது வடிவத்தில் இழுத்துக்கொண்டு போக, அவர் உடன் வந்து வீட்டைப் பார்த்துச் சரிபார்த்துக் கையெழுத்திட, தனியார் வேலையை அவர் தன் வழியில் செய்ய, இரண்டு பேருக்கும் லாபம். இதை அவரிடம் யோசனையாக வையுங்கள். நரைத்த தலைகள் மொத்தமாகக் கிளம்பிவிட்டால் எந்தத் தெருவில் எதற்கு விலை குறையும் என்ற அறிவும் கூடவே போய்விடும், அதை எந்த டேட்டாபேஸும் திருப்பித் தராது.

இந்த மாதமே செய்ய வேண்டியது, ஃபேனி மே, ஃப்ரெடி மேக் இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரி ரிப்போர்ட்டுகளையும் யூஆர்ஏஆர் (இந்தப் புது ரிப்போர்ட்டின் பெயர்) ரெஃபரன்ஸ் கைடையும் இறக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் இருவரும் சேர்ந்து முடித்த ஒரு பழைய ரிப்போர்ட்டை எடுத்து, அந்த மாதிரியை பக்கத்தில் வைத்து, பேப்பரிலேயே நிரப்பிப் பாருங்கள். எந்தெந்தக் கட்டத்துக்கு உங்கள் பழைய குறிப்பில் பதில் இல்லையோ அவற்றைத் தனியாக எழுதுங்கள், அந்தப் பட்டியல்தான் உங்கள் புது இன்ஸ்பெக்ஷன் ஷீட். அடுத்த வீட்டுக்கு அதை எடுத்துக்கொண்டு போங்கள், ஆர்டர் பழைய வடிவத்தில் வந்திருந்தாலும் சரி. 7 மணி நேர வகுப்பு ஒன்றும் எடுத்துக்கொள்ளலாம், தொடர்கல்வி நேரமும் கிடைக்கும், ஆனால் இதைச் செய்துவிட்டுப் போனால் வகுப்பில் கேட்கக் கேள்விகள் இருக்கும்.

அப்புறம் ஒரு அவசரமான விஷயம். லைசென்ஸ்டு மதிப்பீட்டாளர் ஆவதற்கு 1,000 மணி நேரம், அதற்கு அடுத்த படியான சர்ட்டிஃபைடு ரெசிடென்ஷியலுக்கு 1,500 மணி நேரம் அனுபவம் வேண்டும், அந்த நேரத்தைக் குறிக்கும் லாகில் சூப்பர்வைசரின் கையெழுத்து வேண்டும். அவர் நிஜமாகவே நவம்பரில் விலகுவதாக இருந்தால், இதுவரை செய்த ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்று எழுதி இப்போதே கையெழுத்து வாங்குங்கள், அந்த ரிப்போர்ட்டுகளின் சான்றிதழ்ப் பக்கத்தில் உங்கள் உதவி குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், லைசென்ஸ் கொடுக்கும் மாநில போர்டு கேட்டால் காட்டுவதற்கு வொர்க்ஃபைல் உங்களுக்குக் கிடைக்கும் என்று அவரிடம் எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். புது சூப்பர்வைசர் கிடைக்கத் தாமதமானால் பரேயா என்ற பயிற்சித் திட்டம் ஒன்று இருக்கிறது, ஆள் இல்லாமலே பயிற்சி மூலம் அனுபவ நேரத்தை ஈடுகட்டுவது. பணம் கட்டும் முன் உங்கள் மாநில போர்டுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, உங்கள் நிலைக்கு அதை எவ்வளவு ஏற்பார்கள் என்று கேட்டுவிடுங்கள்.